சுக்கான் கட்சியும் ரெண்டு பெஞ்சும்

அந்தப் பெஞ்சில உக்காராதீங்க அண்ணாச்சி. பெயிண்டெல்லாம் காஞ்சுதான் இருக்கு, அதுக்குச் சொல்லல. அது பச்சைப் பெஞ்சு. சாஞ்சுக்கிட பலகை இருக்குல்லா, அதுல எழுதியிருக்க பேரு என் மச்சான் பேரு. இந்தப் பக்கம் ஆரஞ்சுப் பெஞ்சு, அதுல எழுதியிருக்கது என் பொஞ்சாதி பேரு. சாதாரண நாள்ல எதுல உக்காந்தாலும் யாரும் கேக்கப்போறதில்ல. இன்னைக்கு எதுல உக்காந்தாலும் அந்தக் கட்சின்னு ஆயிரும். அன்னா பாருங்க, கொட்டோட ரெண்டு கூட்டம் நிக்கி. பச்சைச் சட்டை ஒரு பக்கம், ஆரஞ்சுச் சட்டை ஒரு பக்கம். ரெண்டும் நம்மளத்தான் பாத்துக்கிட்டு இருக்கு.

நீங்க வெளியூரு, தாராளமா உக்காருங்க. சும்மா சொன்னேன். எனக்குத்தான் காலையில இருந்து உக்கார எடமில்ல.

நீங்க போன்ல தமிழ் பேசினது காதுல விழுந்துச்சு, ஓடியாந்துட்டேன். இந்தத் தீவுல தமிழ் கேட்டு எவ்வளவு நாளாச்சு! எந்த ஊரு? நாமக்கல்லா? நாமக்கல்லுல இருந்து பிலிப்பைன்ஸ்ல சான் தெல்மோ படகுத்துறைக்கு வந்து நிக்கியளே! மக தாவாவ் பட்டணத்துல டாக்டருக்குப் படிக்காளா? அந்தா சோளம் வாங்கப் போன பிள்ளையா? நல்லது, நல்லது. டாக்டருக்குப் படிக்க இஷ்டம் இல்லன்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருந்தாளா? அதெல்லாம் அப்படித்தான் இருக்கும். பிள்ளையள்கிட்ட போய் என்னத்தக் கேக்க, நல்லது கெட்டது நமக்குத் தெரியாதா?

நான் தூத்துக்குடி. பேரு கஸ்பார் மோத்தா. கப்பல்ல சமையக்காரனா இருந்தேன். இந்த ஊர்ப் பிள்ளையக் கட்டி, அந்தா தெரியுது பாருங்க ஓலைக் கூரை, அதுல சாப்பாட்டுக்கடை போட்டு உக்காந்துட்டேன். இங்க உள்ளவனுக்கும் கஸ்பார்னு பேரு உண்டு, கோயிலுக்கும் போவான், மீனும் திம்பான். எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல. ஓட்டு மட்டும்தான் கிடையாது.

படகு இப்ப வராது அண்ணாச்சி. அலை கெடக்கிற கெடையப் பாத்தியளா? வரட்டும், மெள்ள வரட்டும். வந்தா நான் எந்தக் கூட்டத்துப் பக்கம் நிக்கணும்னு இன்னும் எனக்கே தெரியல.

சொல்லுதேன், கேளுங்க. இந்த ஊர்ல ஒரு கட்சி இருக்கு. திமோன் கட்சி. திமோன்னா சுக்கான், படகுக்குச் சுக்கான். அந்தக் கட்சி என் கடையில, என் சாப்பாட்டு மேசையிலதான் பொறந்துச்சு. இத நீங்க யார்கிட்ட வேணும்னாலும் கேக்கலாம். கேட்டா அவனுவ சொல்லமாட்டானுவ, அது வேற விசயம். கட்சி ஆபீஸ் செவுத்துல கட்சி வரலாறு படமா வரைஞ்சிருக்கு. மச்சான் இருக்கான், எங்க கோயில் பாதிரியார் இருக்காரு, மேசை கூட இருக்கு. மேசைக்குப் பின்னால ஒரு கறிச்சட்டி இருக்கு. சட்டியத் தூக்கிக்கிட்டு ஒரு கை. அந்தக் கை என் கை. கை மட்டும்தான்.

எப்படி ஆரம்பிச்சதுன்னா, பெரிய புயல் ஒண்ணு அடிச்சுது. அப்ப இங்க தோன் வெனான்சியோன்னு ஒரு தென்னந்தோப்புக்காரர் குடும்பந்தான் தலைமுறை தலைமுறையா மேயர். அப்பன், பிறவு மகன், பிறவு மருமகன். புயலுக்கு வந்த அரிசிய அவங்க தோப்புல வேலை பாக்கிறவனுக்கு மட்டும் குடுத்தாவ. கடக்கரைக்காரனுக்கு ஒரு மணி கிடையாது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கடையில இருந்ததப் போட்டுப் பெரிய சட்டியில கஞ்சி காச்சினேன். ஊரே வந்து குடிச்சுது. சரி, காச்சினது நான், அரிசி கேட்டு வீடு வீடாப் போனது சாரிங். சாரிங்னா ரொசாரியோ, என் பொஞ்சாதி.

அன்னைக்குக் கஞ்சி குடிச்ச மேசையிலதான் மச்சான் கையால ஓங்கித் தட்டி, 'இனி நாமளே நிப்போம்'னான். மச்சான்னா செனியோ, சாரிங்குக்கு மூத்தவன், அப்ப பள்ளிக்கூட வாத்தியாரு. கட்சிக்குப் பேரு வெக்கணும். அவன் என்னமோ மக்கள், முன்னேற்றம், ஐக்கியம்னு ரயிலு நீளத்துக்குச் சொல்லுதான். சாரிங் தட்டுக் கழுவிக்கிட்டே, 'படகுல பாயி பெருசா தெரியும், போறது என்னமோ சுக்கான் சொல்லுற பக்கந்தான்'னு சும்மா சொன்னா. ஒடனே நான் சொன்னேன், 'திமோன்னு வையி'ன்னு. அப்படி வெச்சதுதான். கட்சிக்குப் பேரு வெச்சவன் நான், பாத்துக்கிடுங்க.

மொத தேர்தல்ல தோத்தோம். தோக்காம? கொடி இருக்கு, பாட்டு இருக்கு, ஆள் இல்ல. அதுக்கப்புறந்தான் வழி தெரிஞ்சுது. நம்ம ஊர்ல ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞானத்தகப்பன், ஒரு ஞானத்தாய். இங்க அப்படி இல்ல. எத்தனை பேரு வேணும்னாலும் நிக்கலாம். நின்னுட்டா பிள்ளையோட அப்பனும் நீங்களும் கும்பாரே. கும்பாரேன்னா உடம்பொறந்தான் மாதிரி. அவனுக்கு எதிரா நீங்க போகக்கூடாது, உங்களுக்கு எதிரா அவன் போகக்கூடாது. மச்சான் ஒரு ஞானஸ்நானம் விடல. எந்தக் குடிசையில பிள்ளை அழுதாலும் போய் நின்னுட்டான். அவனவன் கட்சிக்கு மெம்பர் சேப்பான். நாங்க ஞானப்பிள்ளை சேத்தோம்.

அதுலயும் ஒரு சங்கடம். மச்சானுக்கு ஒரு பிள்ளை பேரும் நெனைவிருக்காது. சாரிங்தான் பக்கத்துல நின்னு காதுல சொல்லுவா. இவன் பேரு இன்னது, இவன் ஆத்தாளுக்குக் காலு வலி, போன மாசம் பன்னி குட்டி போட்டுச்சுன்னு. மச்சான் கட்டிப்புடிச்சு, 'பன்னிக்குட்டி எப்படி இருக்கு'ம்பான். அவனவன் கண்ணுல தண்ணி வந்துரும். அடுத்த தேர்தல்ல தோப்புக்காரன் தோத்தான்.

மச்சான் மேயராகிட்டான். அப்புறந்தான் கட்சியோட கூத்தப் பாக்கணும். மணிலாவுல ஒரு ஜனாதிபதி மாறுவாரு. ஒடனே கவர்னர் மாறுவாரு. ஒடனே எங்காளு எல்லாரும் நல்ல சட்டையப் போட்டுக்கிட்டுப் படகு ஏறிப் போய், வலது கையத் தூக்கி, அந்தப் பெரிய கட்சியில சேந்துக்கிட்டோம்னு சத்தியம் பண்ணிட்டு வருவானுவ. அடுத்த தடவை வேற கட்சி, அதே கை. ஊருக்குள்ள வந்தா பழையபடி திமோன்தான். எனக்கு மொத தடவை நாக்கப் புடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு. மச்சான் சொன்னான், 'கஸ்பார், மேல சட்டை மாறும், உள்ள பனியன் மாறாது.' சரின்னு விட்டுட்டேன். அரசியல்ல எனக்கென்ன தெரியும்?

தோப்புக்காரன் ஆளுவ சும்மா இருப்பானுவளா? பலிம்பிங்னு ஒரு காய் இருக்கு இங்க, புளிப்புக்காய், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மூஞ்சி இருக்கும். கட்சி மாறுறவனுக்கு இங்க அதான் பட்டப்பேரு. விடியக்காலம் கடையத் தெறந்தா வாசல்ல கொத்துக் கொத்தாத் தொங்கவிட்டிருக்கான். நான் என்ன செஞ்சேன்? எல்லாத்தையும் பறிச்சு, உப்பும் மொளகா வத்தப்பொடியும் போட்டு ஊறுகா போட்டுட்டேன். தொங்கவிட்டவனே வந்து ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னான். அப்ப சிரிச்சா சாரிங். வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சுப் பாத்து நாளாச்சு அண்ணாச்சி.

சத்தம் ஏதும் கேக்குதா? படகு ஊதுனாப்புல இருந்துச்சு. இல்லியா? சரி, காத்துதான்.

எங்க விட்டேன்? ஆமா, மேயர். இந்த நாட்டுல ஒரு சட்டம். தடவைக்கு மூணு வருசம், மூணு தடவை தொடர்ந்து மேயரா இருக்கலாம், நாலாந்தடவை நிக்கக்கூடாது. ஒரு தடவை விட்டுட்டுத்தான் நிக்கணும். சட்டம் போட்டவன் நல்லதுக்குத்தான் போட்டிருப்பான். இவனுவ என்ன செய்வானுவ, அந்த ஒரு தடவைக்குப் பொஞ்சாதிய நிப்பாட்டுவானுவ. அவ நாற்காலியச் சூடு ஆறாமப் பாத்துக்கிடணும், அப்புறம் எந்திரிச்சுக் குடுத்துரணும். எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான். மச்சானுக்கு மூணு தடவையும் முடிஞ்சுபோச்சு. அவன் பொஞ்சாதி துபாய்ல நர்சு, அவ வரமாட்டேன்னுட்டா. பிள்ளையளுக்கு வயசு பத்தல. அப்ப யாரு? தங்கச்சி.

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மச்சான் கடைக்கு வந்தான். புளி ஊத்தித் தேங்கா அரைச்சு நம்ம ஊரு மீன்கொழம்பு. நல்லாச் சாப்பிட்டுட்டுக் கேட்டான், 'சாரிங் நின்னா செயிச்சிருவா கஸ்பார். ஆனா திருப்பிக் குடுப்பாளா?' நான் நெஞ்சில கைய வெச்சேன். 'நான் சொன்னா கேப்பா. மூணு வருசம் கழிச்சு ஒன் நாற்காலி ஒனக்கு வரும். இது என் வாக்கு. நான் ஒன் பிள்ளைக்கு ஞானத்தகப்பன், நீ எனக்குக் கும்பாரே'ன்னேன். பரதவன் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான் அண்ணாச்சி, கடல் வத்தினாலும் வாக்கு வத்தாது. சாரிங் அடுப்படி வாசல்ல கையில தட்டோட நின்னா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னா. ஒண்ணும் சொல்லல. அப்படின்னா சம்மதம்னுதானே அர்த்தம்?

செயிச்சா. நல்லாவும் செஞ்சா, சும்மா சொல்லக்கூடாது. மலைமேல உள்ள சனம் கொடம் தூக்கிக்கிட்டு அலைஞ்சுது, இப்ப வாசல்ல குழாய் இருக்கு. புயல் வந்தா இன்னார் கட்சின்னு பாக்காம அரிசி குடுத்தா. தோப்புக்காரன் வீட்டுக்கே குடுத்து அனுப்பினா, எனக்கே பொறுக்கல. மத்தியானம் கடைக்கு வந்து நின்னுக்கிட்டே ரெண்டு வாய் தின்னுட்டு ஓடுவா. நான் சொல்லுவேன், 'எதுக்கு இந்த ஓட்டம், ஒன் சொந்த நாற்காலி மாதிரி?' தட்டக் கழுவி வெச்சுட்டுப் போயிருவா. அவ எதுக்குமே பதில் சொல்லமாட்டா.

இப்ப மூணு வருசம் முடியப்போவுது. மச்சான் எனக்கு வேணும்னான். இவ தரமாட்டேன்னுட்டா. ஒத்த வார்த்தை. கட்சி ரெண்டாப் போச்சு. பச்சை அவனுக்கு, ஆரஞ்சு இவளுக்கு. ஒரே வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு சட்டை. தேவமாதா திருநாளன்னைக்குச் சப்பரம் தூக்க யாரு முன்னாலன்னு அடிதடி. நான் பாத்தேன், இது நம்மளாலதானே சரியாகணும், வாக்குக் குடுத்தது நாமதானேன்னு, அந்தத் திருநாள் சாப்பாட்டுலயே, எல்லாரும் இருக்கும்போது, எந்திரிச்சு நின்னு சொன்னேன். 'சாரிங், குடுத்துரு. நான் வாக்குக் குடுத்திருக்கேன்.' நல்லதுக்குத்தான் சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

அவ கையத் தொடச்சா. எந்திரிச்சுப் போனா. வீட்டுல இருந்து தலகாணிய மட்டும் எடுத்துக்கிட்டு, மேயர் ஆபீசுக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு, அங்க போய்ப் படுத்துட்டா. அன்னையில இருந்து வீட்டுக்கு வரல. மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரல. நான் பொட்டலம் கட்டி அனுப்புதேன், ஏனத்தைக் கழுவி அனுப்புதா. அவ்வளவுதான் எங்க குடும்பம் இப்ப.

மச்சானும் சும்மா விடுதானில்ல. பாக்குறப்பல்லாம், 'என்ன கஸ்பார், பேசினியா, பேசினியா'ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்கான். ராவு தூக்கமில்ல. கொழம்புல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன். எனக்கு என்ன வேணும்? அவ தலகாணியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வரணும். என் வாக்கும் நிக்கணும். இது ரெண்டும் சேந்து நடக்காதுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய?

நேத்துக் கவர்னர் ரெண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டாரு. பெரிய கட்சி சீட்டு ஒருத்தருக்குத்தானே, அத யாருக்குன்னு சொல்ல. அவன் காலைப் படகுல போனான், இவ மத்தியானப் படகுல போனா. மூஞ்சி பாக்கக்கூடாதுன்னு. நாளைக்கு மனு குடுக்கக் கடைசி நாளு. இன்னைக்கு வாற படகுல யாரு சிரிச்சுக்கிட்டு எறங்குதாவளோ அவங்களுக்குச் சீட்டு. கொட்டுக்காரனுவள பாருங்க, கம்பத் தூக்கித் தயாரா நிக்கான்.

நான் எங்க நிக்க? சொல்லுங்க. இந்தப் பக்கம் போனா வாக்குத் தவறினவன். அந்தப் பக்கம் போனா பொஞ்சாதிய விட்டவன். வெள்ளைச் சட்டைதான் போட்டிருக்கேன், பாத்தியளா? வேணும்னேதான்.

ஊதுது! இது படகுதான். உங்க மக எங்க, கூப்பிடுங்க. ஏறுறதுக்கு நேரம் இருக்கு, சாமான் எறக்கித்தான் ஏத்துவான். நான் போய்ப் பாத்துட்டு வாரேன். இங்கேயே இருங்க அண்ணாச்சி.

*

அண்ணாச்சி! நல்லவேளை, ஏறலியே. பிள்ளை ஏறிட்டாளா? ஏறட்டும். இன்னும் அரிசி மூட்டை எறக்குதான், நேரம் கெடக்கு.

ரெண்டு பேரும் சேந்தாப்புல எறங்கினாவ. ஆமா, ஒண்ணாத்தான். அவன் கையில வறுத்த கடலைப் பொட்டலம், இவ அதுல இருந்து எடுத்துத் திங்கா. கொட்டுக்காரனுக்கு அடிக்கவா வேண்டாமான்னு தெரியல. கம்பு அப்படியே மேல நிக்கி.

முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி. கவர்னர் ஒண்ணும் சொல்லல, நீங்களே பேசிட்டு வாங்கன்னுட்டாராம். படகுல பேசியிருக்காவ. அலையில படகு ஆடின ஆட்டத்துல வாந்தி எடுத்துக்கிட்டே பேசியிருக்காவ. சாரிங்தான் மேயருக்கு நிக்கா. மச்சான் துணை மேயருக்கு. பச்சையும் ஆரஞ்சும் ஒண்ணாகி இனி வேற என்னமோ கலராம். திமோன் ஒண்ணாயிட்டு. சனமெல்லாம் ஒருத்தன ஒருத்தன் கட்டிப்புடிக்கான். போன வாரம் கல்லெறிஞ்சவன் இன்னைக்குத் தோள்ல கையப் போடுதான்.

நான் கூட்டத்தப் பிளந்துக்கிட்டுப் போய் மச்சான் கையப் புடிச்சேன். 'கும்பாரே, அப்ப என் வாக்கு?' அவன் முழிக்கான். 'என்ன வாக்கு?' நான் சொன்னேன், 'மேசையில குடுத்தேனே, நெஞ்சில கை வெச்சு, நாற்காலி ஒனக்கு வரும்னு.' அவன் சிரிச்சான். 'அதுவா? மறுநா விடிஞ்சதும் சாரிங் எங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டாளே. அது கஸ்பார் வாக்கு, என் வாக்கு இல்ல, நிக்கேன், ஆனா குடுக்கதப் பத்தி அப்பப் பாப்போம்னு. சரின்னுதான் நிப்பாட்டினேன். ஏன், ஒனக்குத் தெரியாதா?'

மூணு வருசம் அண்ணாச்சி. மறுநா காலையிலேயே செத்துப்போன வாக்க மூணு வருசமாச் சுமந்திருக்கேன். அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். 'பேசினியா பேசினியா'ன்னு கேட்டானே, எனக்கு வெளாட்டுக் காட்டியிருக்கான். அழுகை வந்துட்டு, பொய் சொல்லுவானேன்.

சாரிங்கிட்டப் போனேன். 'அவன்கிட்டச் சொன்னியே, எங்கிட்ட ஏன் சொல்லல?' அவ என்னைப் பாத்தா. கோவமா இல்ல. களைச்சுப்போய்ப் பாத்தா. 'நீ கேக்கலியே கஸ்பார்'னா.

கேக்கலியாம். இதுல கேக்கதுக்கு என்ன இருக்குங்கேன்? பொஞ்சாதிதானே, வீட்டுலதானே இருந்தா, அடுப்படி வாசல்லதானே நின்னா? அவ்வளவு கிட்ட நின்னா அண்ணாச்சி, கையில தட்டோட. நெனைச்சிருந்தா கேட்டிருக்கலாம். திரும்பிப் பாத்திருந்தாப் போதும்.

ரெண்டு கூட்டமும் இப்ப எங்க கடைக்குத்தான் வருது. அதே மேசையிலதான் விருந்து வெக்கணுமாம், கட்சி திரும்பப் பொறந்திருக்குல்லா. மச்சான், 'கஸ்பார் சமைப்பான்'னு எல்லார்கிட்டயும் சத்தமாச் சொன்னான். நான் வழக்கம்போலத் தலையாட்டப் போனேன். சாரிங் கையக் காட்டி நிப்பாட்டினா. அவ்வளவு சனத்துக்கு நடுவுல எம்பக்கம் திரும்பிக் கேட்டா, 'கஸ்பார், இவ்வளவு பேருக்குச் சமைக்க ஒனக்கு முடியுமா? இஷ்டமா?'

கேட்டுட்டு நிக்கா. கொட்டு நின்னுபோச்சு, மச்சான் வாய மூடிட்டான், கடலை திங்கிறவன்லாம் நிறுத்திட்டான். எல்லாரும் என் வாயவே பாக்கான். இந்தக் கட்சி பொறந்ததுல இருந்து எங்கிட்ட ஒண்ணக் கேட்டுட்டுப் பதிலுக்காக ஆரும் நின்னதில்ல அண்ணாச்சி. கப்பல்ல எத்தனை பேருக்கு ஆக்கிப் போட்டிருக்கேன், எனக்கா முடியாது? ஆனா வாய் வரல. 'ஒருத்தர் படகுக்கு நிக்காரு, அவர்கிட்டச் சொல்லிட்டு வாரேன்'னு ஓடியாந்துட்டேன்.

காலு கடுக்குது. கொஞ்சம் நகருங்க, உக்காருதேன். எந்தக் கலரா இருந்தா என்ன, இனி எல்லாம் ஒரே பெஞ்சுதானே.

அன்னா, கடைசிச் சங்கு. எந்திரிங்க, ஏறுங்க, பிள்ளை தேடும். பையத் தாங்க, நான் ஏத்தி விடுதேன். வேண்டாமா? சரி. ஒரு வாட்டி அந்தப் பக்கம் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி, எனக்குத் திரும்பிப் பாக்கத் தைரியமில்ல. கூட்டம் போயிட்டா? அவளும் போயிட்டாளா?

நிக்காளா? இன்னுமா நிக்கா?